எழுதாத வேலை

அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. ஓரம் கிழிந்த லாக் புத்தகங்கள் ஐந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுக் காகிதம், காபிக் கறை படிந்த மஞ்சள் அட்டைகள் சில. பன்னிரண்டு வயது மகள் கைபேசியை மேலே பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா சோபாவில் உட்கார்ந்து இட்லியை மடியில் வைத்துச் சாப்பிட்டார்.

"அம்மா, இது 1975. தாத்தா அப்போ இந்தியால இருந்தாரா?"

"தாம்பரத்துல படிச்சு முடிச்சு நாலஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு கண்ணு," என்றார் அப்பா, தலையைத் தூக்காமலே.

அந்தப் புத்தகங்கள் எங்கள் விமானத்தினுடையவை. "சொந்தமா ப்ளேனா?" என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். 1975ஆம் வருடத்து செஸ்னா 172. நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. என் பங்கு ஒரு புதுக் காரின் விலைக்குள் அடங்கிவிட்டது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அமெரிக்காவில்தான். பைலட் லைசென்ஸ் வாங்கியது முப்பது வயதுக்கு மேல். ஆனால் விமானத்தின் மீது வந்த ஆசைக்கு வேர் அப்பாதான். இந்திய விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி எடுத்து, எண்பதுகளில் இங்கே வந்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ஓய்வு பெறும்வரை ஹேங்கர்களில் வேலை பார்த்தவர்.

கார் வைத்திருப்பவருக்குச் சர்வீஸ் ரசீது தொலைந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. விமானத்துக்கு அப்படியில்லை. உடல் பகுதிக்கு ஒன்று, என்ஜினுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று என்று தனித்தனிப் புத்தகம். பிறந்த நாளிலிருந்து யார் எந்தத் திருகைத் தொட்டார்கள், என்றைக்கு, எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது, அவருடைய லைசென்ஸ் எண் என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். விற்கும்போது விமானத்தோடு பதிவுகளும் கைமாற வேண்டும். புத்தகம் தொலைந்தால் விமானத்தின் விலை கணிசமாக விழும்.

எங்கள் புத்தகங்கள் பங்குதாரர் ஒருவர் வீட்டு பேஸ்மென்டில் இருந்தன. செப்டம்பர் மழையில் அங்கே தண்ணீர் புகுந்தது. புத்தகங்கள் இருந்த அலமாரிக்கு அரையடி கீழேயே தண்ணீர் நின்றுவிட்டது, நல்ல வேளை. அன்றைக்கே மூவரும் முடிவு செய்தோம்: எல்லாவற்றையும் ஆன்லைன் லாக் புத்தகத்தில் ஏற்றிவிடுவது. மாதக் கட்டணம் கட்டி அக்கவுன்ட் திறந்தோம். ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆயிற்று.

படம் எடுப்பதுதான் எளிது என்றால் அதிலும் பாடம் இருந்தது. பழைய பக்கங்களில் மெக்கானிக்குகள் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். சில இடங்களில் ஒரு ஸ்டிக்கர் இன்னொன்றின் மேல் பாதி ஏறியிருக்கும். மகள் ஒன்றை உரிக்கப் போனாள். அப்பா சோபாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "தொடாத. அதை ஒட்டினவன் கையெழுத்து பாதி ஸ்டிக்கர்ல, பாதி பேப்பர்ல இருக்கும். உரிச்சா ரெண்டும் போச்சு." இடையில் செருகியிருந்த காகிதங்களையும் விடக்கூடாது. பெரிய மாற்றம் செய்தால் எழுதும் 337 படிவங்கள் எங்கள் கட்டில் மூன்றுதான் இருந்தன. எஃப்.ஏ.ஏ.வின் ஓக்லஹோமா சிட்டி அலுவலகத்தில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கோப்பு உண்டு. கேட்டு வாங்கியபோது அதில் நான்கு படிவங்கள் இருந்தன. எங்களிடம் இல்லாத நான்காவது, ரேடியோ மாற்றியதற்கானது.

அடுத்தது மணிக்கணக்கு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. நானும் விழுந்தேன். எங்கள் விமானத்தில் இரண்டு மீட்டர்கள். ஹாப்ஸ் மீட்டர் என்பது என்ஜின் ஓடும்வரை கடிகாரம் மாதிரி ஓடும். டேக்கோமீட்டர் என்ஜினின் சுற்று வேகத்தைப் பொறுத்து மணியை எண்ணும். தரையில் மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போது அதில் நேரம் மெதுவாகத்தான் ஏறும். எங்கள் மெக்கானிக் கணக்கெல்லாம் டேக்கில். நான் பைலட் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய கைக்கு ஹாப்ஸ் எண்ணை ஏற்றிவிட்டேன். அதைத் திருத்திய பிறகும் மொத்தக் கணக்கு உதைத்தது. ஐம்பது வயது விமானம் 2300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறதா?

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னோக்கிப் புரட்டினார். 1998இல் ஒரு வரி. பழைய டேக் 3106.2இல் கழற்றப்பட்டு, புதியது பூஜ்ஜியத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால்தான் விமானத்தின் உண்மையான வயது. "மீட்டருக்குப் புது ஜென்மம். ப்ளேனுக்கு இல்ல," என்றார்.

இப்படி ஒவ்வொன்றாக ஏற்றி, ஏ.டி. பட்டியலுக்கு வந்தேன். ஏர்வொர்த்தினெஸ் டைரெக்டிவ் என்பதைத்தான் எல்லோரும் ஏ.டி. என்பார்கள். ஒரு வகை விமானத்திலோ பாகத்திலோ ஆபத்தான குறை தெரிந்தால் எஃப்.ஏ.ஏ. போடும் உத்தரவு அது. விருப்பப்பட்டால் செய்யலாம் என்ற பேச்சே கிடையாது. சில ஏ.டி.க்கள் ஒருமுறை செய்தால் முடிந்தது. சில திரும்பத் திரும்ப வரும். உதாரணத்துக்கு, செஸ்னாவில் சீட் தண்டவாளத்தைச் சோதிக்கும் ஏ.டி. மேலே ஏறும்போது பைலட் சீட் பின்னால் வழுக்கிப்போய் விபத்துகள் நடந்ததால் வந்தது. நாங்கள் பதிந்த சிஸ்டம், விமானத்தின் மாடல், என்ஜின், ப்ரொப்பெல்லர் எண்களைக் கொடுத்ததும் ஏ.டி.க்களை வரிசையாக இழுத்துப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் எந்தப் பக்கத்தில், எந்தத் தேதியில் செய்தார்கள் என்று தேடி நிரப்பினோம். கடைசி வரி முடிந்ததும் திரை முழுக்கப் பச்சை.

மகள் கை தட்டினாள். நான் திரையைப் படமெடுத்து இரண்டு பங்குதாரர்களுக்கும் அனுப்பினேன். ஒருவர் கட்டைவிரல் தூக்கினார்.

அப்பா மட்டும் திரையை மேலிருந்து கீழ் ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்: "சாவி போடுற சுவிட்ச் எந்தக் கம்பெனி?"

"எந்த சுவிட்ச்ப்பா?"

"இக்னிஷன் சுவிட்ச். பென்டிக்ஸா இருந்தா அதுக்கு ஒரு ஏ.டி. உண்டே. நூறு மணிக்கு ஒருதரம். இந்த லிஸ்ட்ல காணோமே."

இல்லைதான். ஏனென்றால் அந்த ஏ.டி. செஸ்னாவின் பேரில் வந்தது இல்லை. பென்டிக்ஸ் சுவிட்சின் பேரில் வந்தது. எண் 76-07-12. எங்கள் விமானத்தில் என்னென்ன துணைக் கருவிகள் மாட்டியிருக்கின்றன என்று நாங்கள் சொன்னால்தான் சிஸ்டத்துக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. அது என்னிடம் கேட்கவும் இல்லை.

நூறு மணிக்கு ஒருதரம் என்றதும் வயிற்றில் என்னவோ செய்தது. வாடகைக்கு ஓடும் விமானங்களுக்கு நூறு மணிக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை கட்டாயம். எங்களது சொந்த உபயோகம், அதனால் வருடத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் நூறு மணி ஏ.டி.க்கு அந்தச் சலுகை கிடையாது. மூன்று பேர் ஓட்டும் விமானம், ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவில் நூறு மணியைத் தாண்டிவிடும்.

மார்ச் மாதப் பரிசோதனைப் பக்கத்தை எடுத்தேன். மெக்கானிக் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். பொடி எழுத்தில் ஒரு வரி: 76-07-12 செய்யப்பட்டது, டேக் 2214.6. அடுத்தது 2314.6க்குள். அந்த வரியை மகள்தான் படமெடுத்திருந்தாள், நான்தான் ஏற்றியிருந்தேன். சிஸ்டத்தில் அது ஒரு படமாக இருந்தது. படத்தில் இருப்பதை அது படிக்கவில்லை. நாங்களும் படிக்கவில்லை.

அன்று மாலையே மூவரும் விமான நிலையத்துக்குப் போனோம். சுவிட்ச் பென்டிக்ஸ்தான். டேக் 2332.9. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் தாண்டிவிட்டது.

அந்தச் சோதனை எதற்கு என்பதை மகளுக்கு அப்பாதான் விளக்கினார். விமான என்ஜினில் மேக்னெட்டோ என்று ஒன்று உண்டு. என்ஜின் சுற்றும்போது அதுவே பொறியை உண்டாக்கும். பேட்டரியே வேண்டாம். சாவியை ஆஃபுக்குத் திருப்பினால் சுவிட்ச் மேக்னெட்டோவை எர்த் செய்து அடக்கிவிடும். சுவிட்ச் கெட்டுப்போயிருந்தால், சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அப்போது யாராவது ப்ரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் என்ஜின் உதைத்துச் சுற்றிவிடலாம்.

மகள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஹேங்கரிலிருந்து விமானத்தை வெளியே இழுக்கும்போது நான் முன் சக்கரத்தில் கம்பி மாட்டி இழுப்பேன். அவள் ப்ரொப்பெல்லரில் கை வைத்துத் தள்ளுவாள். கோடை முழுக்க அப்படித்தான் செய்தோம். அப்படி ஒரு படம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். செவ்வாய்க்கிழமை வந்தார். என்ஜினை ஓடவிட்டு, மெதுவான வேகத்தில் சாவியை ஆஃபுக்கும் அதைத் தாண்டியும் திருப்பிப் பார்த்தார். என்ஜின் அடங்கியது. சுவிட்சில் ஒரு குறையும் இல்லை. ஐந்து நிமிட வேலை. செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு, டேக் 2333.1 என்று எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அன்றிரவு பங்குதாரர் ஒருவர் ஃபோன் செய்தார். நம்ம ஊர்க்காரர்தான், நல்ல மனிதர், என்னைவிட அனுபவமுள்ள பைலட்.

"சுவிட்ச் நல்லாத்தானே இருக்கு? நாம ஒவ்வொரு தடவையும் நிறுத்தும்போது சாவியைத் திருப்பிப் பாக்கறோம்ல? அதுவும் அதே செக்தான். ஆகஸ்ட்ல ஒரு தேதி, டேக் 2310ன்னு ஒரு வரி ஆன்லைன்ல போட்டுடு. நாளைக்கு விக்கறப்போ வாங்க வர்றவன் இந்த கேப்பைப் பாத்து நூறு கேள்வி கேப்பான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை. நிறுத்தும்போது நான் பார்ப்பது உண்டு. எப்போதுமா என்று கேட்டால் சத்தியம் செய்ய முடியாது. எழுதி வைத்ததில்லை. ஐம்பது வருடப் பழைய பதிவுகளை ஏற்றுவதற்காகத் தேதிப் பெட்டியைச் சிஸ்டம் திறந்தே வைத்திருந்தது. எந்தத் தேதி போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். ஆகஸ்ட் என்று அடித்தால் ஆகஸ்ட். பேப்பர் புத்தகத்திலாவது இரண்டு வரிக்கு நடுவில் செருகினால் கண்ணில் படும். இங்கே அதுகூடப் படாது.

உண்மையைச் சொல்கிறேன், உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாக்கறேன்" என்று ஃபோனை வைத்தேன். லேப்டாப்பைத் திறந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர் நின்றார். ஃபோன் பேச்சு காதில் விழுந்திருக்கும். புத்தி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேறு எதையோ சொன்னார்.

"நான் ரெண்டு வருஷம் நைட் ஷிஃப்ட் பாத்தேன்ல, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? எனக்குப் பத்து வயது. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பத்துக் குறள் சொன்னேன். எல்லோருடைய அப்பாவும் வீடியோ கேமராவோடு முன்வரிசையில் நின்றார்கள். என் அப்பா வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கச்சேரிக்கும் வரவில்லை. நான் எழுந்து போகும்போது அவர் தூங்குவார், அவர் எழுந்து போகும்போது நான் தூங்கப் போவேன். பணத்துக்காக அந்த ஷிஃப்டை அவரே கேட்டு வாங்கினார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். மனதுக்குள் ஒரு கோபம் இருந்தது. இப்போது நானும் ஒரு அம்மா என்பதால் அது குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப ஒரு கான்ட்ராக்ட் ஹேங்கர்ல இருந்தேன். வேற ஒருத்தன் முறுக்கின போல்ட்டு. நான் டார்க் செக் பண்ணினேன்னு கையெழுத்து போடச் சொன்னாங்க. காலையில ப்ளேன் போகணும். நான் பாக்கல, திறந்து காட்டுங்க, பாத்துட்டுப் போடறேன்னு சொன்னேன். திறந்தா மூணு மணி நேரம் லேட்டாகும். வேற ஆள் போட்டான். அடுத்த வாரத்துலேருந்து எனக்கு நைட் ஷிஃப்ட்."

"அந்த ப்ளேனுக்கு ஏதாவது ஆச்சாப்பா?"

"ஒண்ணும் ஆகல. போல்ட்டு நல்லாத்தான் இருந்திருக்கும்."

"அப்புறம் ஏன்ப்பா?"

கொஞ்ச நேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏர் ஃபோர்ஸ்ல ஃபார்ம் 700ன்னு ஒண்ணு. நாங்க அதுல கையெழுத்து போட்ட பிறகுதான் பைலட் அதுல கையெழுத்து போட்டு ப்ளேனை எடுப்பான். என் கையெழுத்தை நம்பித்தான் அவன் ஏறுறான். எழுதாத வேலை செய்யாத வேலைன்னு சொல்லிக் கொடுத்தாங்க. செய்யாத வேலையை எழுதுறது அதைவிட மோசம்மா. எழுதாம விட்டா அடுத்தவன் ஒருதரம் பாத்துடுவான். எழுதிட்டா யாரும் பாக்க மாட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பத்து வயசுப் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்றது? அந்தக் குறளெல்லாம் உங்கம்மா டேப் பண்ணி வெச்சிருந்தா. ஹேங்கர்ல டீ டைம்ல கேட்டேன்."

அவர் படுக்கப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பதிவை எழுதினேன். செவ்வாய்க்கிழமைத் தேதி, டேக் 2333.1, மெக்கானிக் கையெழுத்திட்ட பக்கத்தின் படம். அதன் கீழே குறிப்புப் பெட்டியில் இன்னொரு வரி: முந்தைய சோதனை 2214.6இல், அடுத்தது 2314.6க்குள் செய்திருக்க வேண்டியது, உரிமையாளர்கள் கவனிக்கத் தவறியதால் தாமதம். பொய்ப் பதிவு எழுதுவது சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றிரவு கையை நிறுத்தியது சட்டம் என்று சொல்ல மாட்டேன்.

பங்குதாரருக்கு மறுநாள் ஃபோன் செய்து சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. பங்காளி என்றால் நம்மிடம் சண்டைக்காரன் என்றும் ஒரு அர்த்தம் உண்டே. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு, தன் வீட்டு ஃபைலில் மேக்னெட்டோ ரிப்பேர் செய்த பழைய ரசீது ஒன்று கிடைத்ததாகவும் அதையும் ஏற்றச் சொல்லியும் அனுப்பினார்.

இப்போது சிஸ்டம் எங்களுக்கு நன்றாகவே உதவுகிறது. ஏ.டி.க்கு நூறு மணி நெருங்க, பத்து மணி நேரம் முன்பே மூன்று பேருக்கும் மின்னஞ்சல் வருகிறது. அப்படி வர வேண்டுமென்றால் தொடக்கத்தில் மனிதர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன். விமானத்தில் மாட்டியிருக்கும் மேக்னெட்டோ, சுவிட்ச், கார்புரேட்டர் எல்லாவற்றின் கம்பெனியையும் எண்ணையும் மெக்கானிக்கோடு நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். படத்தை ஏற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். திரும்ப வரும் வேலை ஒவ்வொன்றுக்கும் அடுத்த தேதியையும் மணியையும் கையால் அடித்து ஏற்றுங்கள். ஏற்றியவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக இறக்கி வேறிடத்தில் வையுங்கள், கம்பெனி நாளைக்கே கடையை மூடலாம். பழைய புத்தகங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்களுடையவை இப்போது தீப்பிடிக்காத பெட்டியில், மாடியில் இருக்கின்றன.

மகள் இப்போது ப்ரொப்பெல்லரில் கை வைப்பதில்லை. தள்ளுவதற்குச் சிறகைத் தாங்கும் கம்பியைப் பிடிக்கிறாள். சுவிட்ச் நல்லது என்று தெரிந்த பிறகும் அப்படித்தான். அப்பா சொன்ன விதி: ப்ரொப்பெல்லரை எப்போதும் உயிருள்ளதாகவே நினைக்க வேண்டும்.

போன மாதம் ஆயில் மாற்றினோம். அதை உரிமையாளரான பைலட்டே செய்யலாம், ஆனால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மகள் பழைய ஆயிலைப் பிடித்தாள், ஃபில்டரை வெட்டித் துகள் இருக்கிறதா என்று தாத்தாவோடு சேர்ந்து பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் "நான் எழுதறேன்" என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். எத்தனை குவார்ட், எந்த ஃபில்டர், துகள் எதுவும் இல்லை, டேக் எவ்வளவு, என் லைசென்ஸ் எண் எல்லாம் அடித்தாள். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு தரம் படித்தார்.

"எல்லாம் சரி கண்ணு," என்றார். "தேதி எங்க?"